எங்க கருப்பு கோவில் சூலத்தில் ஜப்பான் எழுத்தா? துருவைச் சுரண்டிப் பார்க்கலாமா?

காயில்கடைக்காரன் எழுதியது:

வணக்கம். நான் மதுரை சிம்மக்கல்லில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் திருப்புவனம் தாண்டி ஒரு கிராமம். அங்கே எங்கள் பங்காளிகளுக்குப் பொதுவாக ஒரு சோணைக்கருப்பு கோவில் இருக்கிறது. கோவில் என்றதும் கோபுரம் எல்லாம் நினைக்க வேண்டாம். ஒரு பீடம், இரண்டு மண்குதிரை, புளியமரம், தகரக் கொட்டகை. பீடத்துக்கு முன்னால் ஒரு சூலம். நான் பிறந்ததிலிருந்து அதைச் சூலம் என்றுதான் கும்பிட்டு வருகிறேன்.

இப்போது திருப்பணி நடக்கிறது. தரையில் டைல்ஸ் ஒட்டுவதற்காகச் சூலத்தைப் பெயர்த்தோம். அதைச் சொருகி வைத்திருந்த இரும்புக் குழாய் அடியில் உளுத்துப் போயிருந்தது. ஹாக்ஸா வைத்துக் குழாயை நெடுக அறுத்து விரித்தால், உள்ளே ஒரு நீளக் காம்பு. வெளியே தெரிந்த அலகைப்போல இரண்டு மடங்கு. கடை வெர்னியரையும் டேப்பையும் வைத்து அளந்தேன். நடு அலகு குறுக்கிலிருந்து முனைவரை 21.4 செ.மீ. பக்கத்து அலகுகள் இரண்டும் சேர்த்து அகலம் 16 செ.மீ. காம்பு மட்டும் 43 செ.மீ. காம்பின் நடுவில் ஒரு துளை, 5 மி.மீ. அதற்கு மேலே, உளியால் வெட்டின மாதிரி மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் எழுத்துகள். பத்து இருக்கும். சீன எழுத்து போலத் தெரிகிறது. காம்பு முழுக்கக் கருந்துரு. உதிரும் துரு இல்லை, விரலால் தடவினால் வழவழ என்று இருக்கிறது.

இன்னொன்று. அமாவாசைக்கு அமாவாசை மூன்று முனையிலும் எலுமிச்சம்பழம் குத்துவது வழக்கம். அந்தப் பழம் உட்காரும் இடத்தில் மட்டும் இரும்பு அரித்துக் குழி குழியாக இருக்கிறது. அதற்குச் சற்றுக் கீழே, ஓரத்தை ஒட்டி ஒரு அலைக்கோடு தெரிகிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நிறம், இந்தப் பக்கம் ஒரு நிறம். படங்கள் போட்டிருக்கிறேன்.

சூலத்தைக் கொண்டுவந்து வைத்தவர் எங்கள் தாத்தாவின் அண்ணன். பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். பர்மா சண்டைக்குப் போனார் என்பார்கள். உயிரோடு திரும்பினால் கருப்புக்கு ஆயுதம் வைப்பதாக நேர்ந்துகொண்டாராம். 1947இல் ஒரு தகரப் பெட்டியும் இதுவுமாக வந்து இறங்கியிருக்கிறார். முழங்கால் அளவு பனியில் லாரி ஓட்டினேன் என்று கதை சொல்வாராம். குடித்துவிட்டால் "நான் ஒக்காயம்மாகிட்ட இருந்தப்ப" என்றுதான் ஆரம்பிப்பாராம். ஒக்காயம்மா என்பது அவர் அங்கே சேர்த்துக்கொண்ட பொம்பளை என்று அவர் சம்சாரம், எங்கள் பெரிய அப்பத்தா, சாகும்வரை நம்பியது. அது தனிக்கதை.

இப்போது பிரச்சினை. ஒரு பங்காளி, எமரி வீலில் பிடித்துப் பளபளப்பாக்கி நிக்கல் முலாம் பூசிவிடலாம், குடமுழுக்குக்கு ஜொலிக்கும் என்கிறார். பழைய சாமான் வியாபாரி ஒருவர் எப்படியோ கேள்விப்பட்டு வந்து 40,000 தருகிறேன் என்கிறார். பூசாரி சித்தப்பா, "சாமி ஆயுதத்துல எவனாச்சும் கை வச்சீங்க, அப்புறம் நடக்குறதுக்கு நான் பொறுப்பில்ல" என்று உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்த எழுத்தைப் படித்துவிட வேண்டும், அவ்வளவுதான். துருவைச் சுரண்டினால் தெளிவாகத் தெரியுமா? இது என்ன சாமான்?

மாட்டுத்தாவணி மைனர் எழுதியது:

திருப்புவனம் பக்கம் என்று சொல்லிவிட்டீர்கள். இனிமேல் ஊரில் ஓட்டை அண்டா கிடைத்தாலும் கீழடிதான். தொல்லியல் துறைக்குப் போன் போடுங்கள், உங்கள் காட்டையும் சேர்த்துக் குழி வெட்டிவிடுவார்கள்.

சும்மா சொன்னேன். என் கணிப்பு, சீனாக்காரக் கப்பலில் வந்தது. அந்தக் காலத்திலேயே நமக்கும் அவர்களுக்கும் வியாபாரம் உண்டு.

உலைக்களம் எழுதியது:

நான் திருப்பாச்சேத்தி. மூன்று தலைமுறையாக அரிவாள் அடிக்கிறோம். ஜப்பானா சீனாவா என்றெல்லாம் எனக்குத் தெரியாது. இரும்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்கள் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த அலைக்கோடு தோய்ச்சல் கோடு. அரிவாளுக்கு நாங்கள் வாயை மட்டும்தான் தண்ணீரில் தோய்ப்போம். முதுகைத் தோய்த்தால் வெட்டும்போது கண்ணாடி மாதிரி பட்டென்று போய்விடும். வாய் கடினமாக இருக்கணும், முதுகு தாங்கணும். இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு கோடு விழும். சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. புளிப்புப் பட்டால் தெரியும், ஏனென்றால் கடினமான இரும்பும் மெத்தென்ற இரும்பும் புளிப்பை ஒரே மாதிரி வாங்காது. உங்கள் எலுமிச்சம்பழம் எழுபது வருசமாக அந்த வேலையைத்தான் பார்த்திருக்கிறது.

ஆனால் எங்கள் கோடு நேராக ஓடும். இது வளைந்து வளைந்து, மூன்று அலகிலும் ஓரத்தை ஒட்டியே போகிறது. நடு அலகு சரி, அந்தக் குறுக்கு மூலையில் எப்படித் தோய்ச்சல் போட்டான் என்று நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். மூலையில் ஒரு பக்கம் சீக்கிரம் ஆறும், ஒரு பக்கம் மெதுவாக ஆறும், விரிசல் விடாமல் வராது. குறுக்கில் ஒட்டு வைத்த தடமும் படத்தில் தெரியவில்லை. செய்தவன் கைகாரன். லாரிப் பட்டையை வெட்டி அடிக்கிற வேலை இல்லை இது.

ஒன்று மட்டும் கேளுங்கள். எமரி வீலில் காட்டவே காட்டாதீர்கள். வாய் நீலம் பாய்ந்தால் தோய்ச்சல் போச்சு. ஒரு நிமிசம் போதும். அப்புறம் அது சூலம்கூட இல்லை, தகரம்.

எட்டு வருசம் ஒசாகா எழுதியது:

காயில்கடை அண்ணே, துருவைத் தொடாதீர்கள். வேறு எதுவும் படிக்காவிட்டாலும் இந்த ஒரு வரியைப் படித்துவிடுங்கள்.

நான் ஒசாகாவில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் எட்டு வருடம் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பொழுது போகவேண்டுமே என்று ஆரம்பித்ததுதான் இந்த வாள் பைத்தியம். பக்கத்து ஊர் நாரா, ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. இப்போது அண்ணா நகரில் உட்கார்ந்துகொண்டு உங்கள் படத்தைப் பார்த்ததும் டீயைக் கீழே கொட்டிவிட்டேன்.

இது ஈட்டி. ஜப்பானில் ஈட்டிக்கு யாரி என்று பெயர். குறுக்கு அலகு உள்ள இந்த வகை ஜூமோஞ்சி யாரி. அவர்கள் எழுத்தில் பத்து என்ற எண்ணை நம் கூட்டல் குறி போல எழுதுவார்கள். அந்தப் பத்தின் வடிவத்தில் இருப்பதால் அந்தப் பெயர். காம்பு நீளமாக இருப்பது சரிதான். மரத்தடியைக் குடைந்து, காம்பை முழுக்க உள்ளே இறக்கி, அந்தத் துளையில் ஒரு மூங்கில் ஆப்பை அடித்துவிடுவார்கள். அந்த ஒற்றை ஆப்புதான் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும்.

காம்புக்கு நககோ என்று பெயர். அலகைத் தீட்டுவார்கள், காம்பை யாரும் தீட்ட மாட்டார்கள். அதில் ஏறுகிற துருதான் அதன் வயசுக்குச் சாட்சி. நீங்கள் சொன்ன அந்த வழவழப்பான கருந்துரு வருவதற்கு நூற்றாண்டுகள் ஆகும். அதைச் செயற்கையாகக் கொண்டுவரப் பார்த்துத் தோற்றவர்கள் நிறையப் பேர். துருவுக்கு அடியில் அரம் போட்ட கோடுகள் இருக்கும். எந்தச் சாய்வில் அரம் போட்டிருக்கிறது என்பதை வைத்தே எந்தக் கூட்டத்து வேலை என்று அடையாளம் சொல்வார்கள். சுரண்டினால் எல்லாம் ஒன்றாகப் போய்விடும். நிக்கல் முலாம் இன்னும் மோசம். அதற்கு முன் அமிலத் தொட்டியில் முக்குவார்கள் என்று உங்கள் தொழிலில் தெரியாததா? எழுத்து கரைந்துவிடும்.

படிக்க வழி சுலபம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் காம்புக்குப் பக்கவாட்டில் கிட்டத்தட்ட படுக்கை வாட்டில் பிடித்துப் படம் எடுங்கள். பள்ளத்தில் நிழல் விழும். அதுவும் போதாவிட்டால் முகப் பவுடரை லேசாகத் தடவித் துணியால் மேலாகத் துடையுங்கள்.

காயில்கடைக்காரன் எழுதியது:

டார்ச் அடித்து எடுத்த படம் இதோ. கோகுல் சாண்டல் பவுடர் கைவசம் இருந்தது, அதையும் தடவிப் பார்த்தேன். ஏழாவது எழுத்து மட்டும் இன்னும் குழப்பமாக இருக்கிறது. உலைக்களம் அண்ணே, நீங்கள் சொன்னதைப் பங்காளியிடம் வாசித்துக் காட்டினேன். "தகரம்" என்ற வார்த்தைக்கு அப்புறம் எமரி வீல் பேச்சை எடுக்கவில்லை.

எட்டு வருசம் ஒசாகா எழுதியது:

அருமையான படம். மேலிருந்து வாசிக்கிறேன்.

முதல் மூன்று எழுத்து: நான், தோ, ஜூ. தென் தலைநகரில் வசிப்பவன் என்று பொருள். தென் தலைநகர் என்றால் நாரா. 710 முதல் 784 வரை ஜப்பானின் தலைநகரம் பெரும்பாலும் அதுதான். பிறகு 794இல் கியோத்தோ தலைநகரமானது. அது வடக்கே இருப்பதால் பழைய ஊர் தென் தலைநகர் ஆகிவிட்டது. வடமதுரை என்று ஒன்று இருப்பதால் நம் ஊரைத் தென்மதுரை என்பதில்லையா, அது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இரண்டு: கனபோ. கொல்லர் கூட்டத்தின் பெயர். அதற்கடுத்த மூன்றும் சேர்ந்து ஹியோஎ நோ ஜோ என்ற பட்டம். அரண்மனைக் காவல்படைப் பதவி அது. ஆனால் அந்தக் காலத்தில் வேலை எதுவும் பார்க்காமல் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்கிற கௌரவமாகிவிட்டது, நம் ராவ்பகதூர் மாதிரி. கடைசி இரண்டும் ஆளின் பெயர்: மசத்சுகு. ஆக, தென் தலைநகர்வாசி கனபோ ஹியோஎ நோ ஜோ மசத்சுகு.

இந்த இடத்தில் நிறுத்தி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெயர் வெட்டியிருப்பதாலேயே அவர் செய்தது என்று முடிவு கட்டக்கூடாது. பெரிய கொல்லர் பெயரைப் பொய்யாக வெட்டுவது அங்கே பழைய வியாதி. பஸ் ஸ்டாண்டு பக்கம் விற்கிற திருப்பாச்சேத்தி அரிவாள் எல்லாம் திருப்பாச்சேத்தியிலா அடித்தது? ஆனால் வடிவமும் பெயரும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. கனபோ கூட்டத்தார் ஈட்டிக்குப் பேர்போனவர்கள்.

நாரா கோவில் ஊர். தோதாய்ஜி, கோஃபுகுஜி என்று பெரிய பெரிய பௌத்த மடங்கள். அந்த மடங்களுக்கு நிலமும் பணமும் இருந்தன, அவற்றைக் காக்க ஆயுதம் ஏந்திய துறவிகள் இருந்தார்கள். மொட்டைத் தலையும் கையில் நாகினாத்தாவுமாக. நாகினாத்தா என்றால் நீளத் தடி முனையில் வளைந்த அலகு, நம் வீச்சரிவாளைக் கம்பில் கட்டிய மாதிரி. 1180இல் தாய்ரா குலத்துப் படை வந்து இந்த இரண்டு மடங்களையும் கொளுத்தியது. அப்படிப்பட்ட ஊரில் கொல்லனுக்கு வேலைப் பஞ்சமா? அந்தப் பிரதேசத்துக்கு யமாதோ என்று பெயர். அங்கே ஐந்து கொல்லர் கூட்டங்கள் இருந்தன: செஞ்சுயின், தெகாய், தாய்மா, ஷிக்ககே, ஹோஷோ. தெகாய் என்பது தோதாய்ஜியின் மேற்குப் பக்க வாசல் ஒன்றின் பெயர். நம் கீழவாசல், தெற்குவாசல் மாதிரி, வாசலே ஆளுக்குப் பெயராகிவிட்டது. இவர்கள் மடத்துக்கு அடித்துக் கொடுத்தவர்கள் என்பதால் பெயர் வெட்டாமலே விட்ட வேலைகள் நிறைய. சாமி வீட்டுக்குச் செய்வதில் என் பெயர் எதற்கு என்பது போல.

கனபோக்காரர்கள் இவர்களுக்கெல்லாம் ரொம்பப் பிந்தியவர்கள். 1500களில், நாடு முழுக்க அடிதடியாக இருந்த காலத்தில் வந்தவர்கள். ஊர், பட்டம், பெயர் எல்லாவற்றையும் நீட்டி வெட்டினார்கள். அப்போது போரின் ஆயுதமே மாறியிருந்தது. கால்வீரர்கள் கூட்டம் கூட்டமாக ஈட்டியோடு போனார்கள். நாகினாத்தாவின் காலம் மங்கிவிட்டது. அதே நாராவில், கோஃபுகுஜி மடத்தைச் சேர்ந்த ஹோசோயின் என்ற துணை மடத்தில் இன்எய் என்று ஒரு துறவி (1521-1607). குறுக்கு ஈட்டிச் சிலம்பத்தைத் தொடங்கியவர். குத்தினால் ஈட்டி, வீசினால் நாகினாத்தா, இழுத்தால் கதிரறுவாள், எப்படியும் தப்பாது என்று அந்தப் பள்ளியில் ஒரு சொலவம் உண்டு. உங்கள் சூலத்தின் பக்க அலகு எதற்கு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை. உள்ளூரில் இப்படி ஒரு பள்ளி இருந்தால் கொல்லன் எதை அடிப்பான்? கனபோ பெயரையும் ஹோசோயின் ஈட்டியையும் சேர்த்தே பேசுவார்கள். இவர்கள் வேலையை அழகுக்குத் தேடுபவர்கள் அவ்வளவாகக் கொண்டாடுவதில்லை, பழைய யமாதோ வேலைக்குத்தான் மதிப்பு. எனக்கென்னவோ இவர்களைத்தான் பிடிக்கும். காட்சிக்கு அடித்தவர்கள் இல்லை.

உலைக்களம் அண்ணே, மூலையில் தோய்ச்சல் எப்படி என்று கேட்டீர்களே. களிமண். களிமண்ணோடு கரித்தூளும் சாணைக்கல் தூளும் குழைத்து அலகு மேல் அப்புவார்கள். வாய்ப்பக்கம் மெல்லிசாக, முதுகுப்பக்கம் தடிமனாக. அப்படியே காய்ச்சி முழுசாகத் தண்ணீரில் இறக்குவார்கள். மண் மெல்லிசான இடம் சட்டென்று ஆறிக் கடினமாகும், தடித்த இடம் மெதுவாக ஆறும். மண்ணை எப்படிப் பூசினானோ அந்த உருவத்தில்தான் கோடு விழும். அந்தக் கோட்டுக்கு ஹாமோன் என்று பெயர்.

இனி உங்கள் ஒக்காயம்மா. அது பொம்பளை இல்லை அண்ணே. ஊர்! ஒகயாமா.

ஜப்பான் சரணடைந்த பிறகு 1946இல் பிரிட்டிஷ் காமன்வெல்த் படை அங்கே போய் இறங்கியது. குரே துறைமுகம்தான் அவர்களுக்கு வாசல். அதில் இந்தியப் படையும் இருந்தது. ஒகயாமா, தொத்தோரி, ஷிமானே வட்டாரங்களில் நிறுத்தியிருந்தார்கள். 1947இல் திரும்பிவிட்டார்கள். தொத்தோரிப் பக்கம் குளிர்காலத்தில் பனி குவியும். பர்மாவில் லாரி ஓடுகிற ரோட்டில் முழங்கால் பனி எங்கே இருக்கிறது? அந்தப் படைக்கு இருந்த வேலைகளில் ஒன்று, ஆயுதங்களைச் சேகரித்து அழிப்பது. வீட்டுப் பரணில் கிடந்த பரம்பரைச் சாமான்கூட அந்தக் குவியலுக்கு வந்தது. சிப்பாய்கள் பலர் ஆளுக்கொன்றை நினைவுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் வாளை எடுத்திருப்பார்கள். உங்கள் பெரிய தாத்தா அந்தக் குவியலில் தன் சாமியின் சூலத்தைப் பார்த்திருக்கிறார்.

கோர்ட் வாசல் எழுதியது:

விற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்தின்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட இப்படிப்பட்ட பொருள் தொல்பொருள் கணக்கில் வரும். எங்கே செய்தது என்பது முக்கியமில்லை. தொல்பொருள் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும். தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. 40,000 ரூபாய்க்காரரிடம் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், திரும்பி வருகிறாரா பார்ப்போம்.

அதுபோக, அது கோவில் சொத்து. ஒரு பங்காளி கையெழுத்துப் போட்டு விற்க முடியாது. இதற்கு நான் சட்டப் பிரிவு சொல்ல வேண்டியதில்லை, உங்கள் சித்தப்பாவே போதும்.

காயில்கடைக்காரன் எழுதியது:

பத்து நாளாக எழுத முடியவில்லை. கோவில் வேலை.

ஞாயிற்றுக்கிழமை புளியமரத்தடியில் பங்காளிகள் கூடினோம். முதலில் உரிமத்தைக் கேட்டதாகச் சொன்னேன். வியாபாரி மறுநாளிலிருந்து போனை எடுக்கவில்லை. அப்புறம் ஒசாகா தம்பி எழுதியதைச் சத்தமாகப் படித்தேன். மடத்தைக் காக்கத் துறவிகள் ஆயுதம் எடுத்தார்கள் என்ற இடம் வந்ததும் சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அங்கயும் காவலுக்குத்தான இருந்துச்சு. இங்கயும் காவலுக்குத்தான் இருக்கு" என்றார். அதற்கு மேல் விவாதம் நடக்கவில்லை.

ஆனால் எலுமிச்சம்பழத்தை விட மறுத்துவிட்டார். பழம் குத்தாத சூலம் சூலமா என்கிறார். கடைசியில் இப்படி முடிவானது. பீடத்துக்கு முன்னால் புதுச் சூலம் ஒன்று நிற்கும், பழம் அதற்கு. பழையது மரப்பெட்டியில் பூசாரி வீட்டில் இருக்கும், மாசி சிவராத்திரிக்கு மட்டும் வெளியே வரும். சந்தனம், குங்குமம் இனி அதில் வைப்பதில்லை, எண்ணெய்க் காப்பு மட்டும். அலகில் ஒட்டியிருந்த பழைய குங்குமத்தைக் கடையில் சர்க்யூட் போர்டு துடைக்க வைத்திருக்கும் ஐபிஏ-வை (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) பஞ்சில் தொட்டு எடுத்தேன். தையல் மெஷின் எண்ணெயை மெல்லிசாகத் தடவினேன். காம்பைத் தொடவில்லை.

பெரிய தாத்தாவின் மகள், எனக்கு அத்தை முறை, எண்பது வயசு, மானாமதுரையில் இருக்கிறது. ஒக்காயம்மா ஒரு ஊர் என்று போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம், "அடப்பாவி மனுசா, ஊருன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்காத்தா அந்தத் தகரப் பெட்டியக் கெணத்துல போட்டுருக்காதே" என்றது. பெட்டி கிணற்றுக்குப் போன கதை எங்களில் யாருக்கும் தெரியாது. அதில் என்னென்ன இருந்தது என்று கேட்டேன். பொம்மை படம் போட்ட காகிதம் கொஞ்சம், ஒரு கம்பளிச் சட்டை, அவ்வளவுதான் ஞாபகம் இருக்கிறது என்கிறது.

உலைக்களம் அண்ணே, புதுச் சூலம் நீங்கள்தான் அடித்துத் தரவேண்டும். குடமுழுக்குக்கு முன்னால் முடியுமா?

உலைக்களம் எழுதியது:

சாமி வேலை, முடியாது என்று சொல்வேனா. அலகுகளைக் களிமண் அப்பித் தோய்த்துப் பார்த்தேன், முதல் இரண்டும் விரிசல் விட்டது. மூன்றாவது நின்றது. கோடு கொஞ்சம் கோணல்.

குழாய் ஒன்றரை இஞ்சா, ரெண்டு இஞ்சா? அதைச் சொல்லுங்கள், காம்பை அதற்குத் தகுந்த மாதிரி விடுகிறேன்.